விலை கேட்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"ஆர்.ஓ. என்ன விலை?" என்று, தண்ணீரின் உப்பை எடுக்கும் மெஷினைக் கேட்டு எங்கள் கடைக்கு வருபவர்களிடம், "முதலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டு வாங்க" என்கிறோம். வீணாக அலையவிடுகிறார்கள் என்று சிலருக்கு வருத்தம். அதனால்தான் இந்த மடல்.

கடலூரில் தெருவுக்குத் தெரு தண்ணீர் வேறு. தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது உங்களுக்கே தெரியும். உப்பை எடுக்க ஆர்.ஓ. தான் வழி. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். ஆனால் குழாயில் வருவது நல்ல தண்ணீராக இருந்தால் ஆர்.ஓ. எதற்கு? வீட்டு மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் தர, இரண்டு மூன்று குடம் வெளியே தள்ளும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதற்குள் இருந்து வேறு குறையும் இல்லையென்றால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. ஃபில்டரே போதும் என்றுதான் சொல்வோம், விலை குறைந்த சரக்கு என்றாலும். ஒன்று மட்டும்: தண்ணீர் கலங்கலாக இருந்தால் யு.வி. வேலை செய்யாது. விளக்கு நீலமாக எரிகிறதே என்று வருடக்கணக்கில் விடவும் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே அதன் வீரியம் இறங்கிவிடும்.

டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. அது கரைந்திருக்கும் உப்பை மட்டுமே அளக்கும். முதுநகர் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் ஒன்று மீட்டரில் 200-க்குக் கீழே காட்டியது, பார்வைக்கும் பளிங்குபோல் இருந்தது. கிருமி பார்க்கும் சின்னக் குப்பியில் ஊற்றி வைத்தோம். மறுநாள் காலை குப்பி கன்னங்கரேல் என்றிருந்தது. கழிவு கலந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த வீட்டுக்கு நாங்கள் மெஷின் விற்கவில்லை. முதலில் கிணற்றுக்குக் குளோரின் போட்டு, பக்கத்தில் இருக்கும் செப்டிக் டேங்கைப் பார்க்கச் சொன்னோம்.

மழைக்காலத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் ஏறிய கிணறும் அடிபம்பும் குளோரின் போட்டுச் சோதிக்கும்வரை குடிக்க ஆகாது. குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரமாவது விட்டுக் குடியுங்கள்.

குப்பத்துக்கு ஒரு பொது ஆர்.ஓ. பிளாண்ட் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், நல்ல காரியம். ஆனால் தினமும் மணல் ஃபில்டரைக் கழுவிவிட ஒரு ஆள், கரண்ட் பில்லுக்கும் உப்பை வடிக்கும் மெம்பிரேனுக்கும் மாதாமாதம் கொஞ்சம் பணம், வெளியேறும் உப்புத் தண்ணீர் போக ஒரு வழி — இந்த மூன்றும் முடிவாகாமல் பிளாண்ட் போடாதீர்கள். கவனிப்பார் இல்லாத பிளாண்ட் பூட்டிக் கிடக்கும். அப்புறம், ஆர்.ஓ. தண்ணீரில் மறுபடி கிருமி சேராமல் காக்கும் குளோரின் கிடையாது. வீட்டுக்குப் போய்க் குடத்தில் கைவிட்டு மொண்டால் பட்ட பாடெல்லாம் வீண். குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள்.

கிருமிச் சோதனைக்குச் சுத்தமான பாட்டில் நாங்களே தருகிறோம், காசில்லை. குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, அன்றைக்கே கொண்டு வாருங்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட் பார்க்க வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ரிப்போர்ட்டை எடுத்து வந்தால் உட்கார்ந்து படித்து விளக்குகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்,
கடலூர்