சுவர்ப் பாசியில் ஓர் அறிபுனை உயிர்

ஆசிரியருக்கு வணக்கம்.

அறிபுனைக் கதைகளில் வரும் விசித்திர உயிர்களைக் காண வேற்றுக்கோளுக்குப் போக வேண்டியதில்லை என்பதைத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் எழுத வேண்டுகிறேன். மழைக்காலத்தில் மதில்சுவரில் மெத்தைபோல் வளரும் பச்சைப் பாசியைச் சிறிது சுரண்டி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, பிழிந்த நீரைப் பள்ளி நுண்ணோக்கியில் 40 மடங்கு பெருக்கிப் பொறுமையாகத் தேடினால், எட்டுக் குட்டைக் கால்களோடு அசைந்து நடக்கும் நீர்க்கரடி பெரும்பாலும் கண்ணில் படும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராத இவ்வுயிரை 1773-இல் ஜெர்மானியரான கோட்ஸே முதன்முதலாக விவரித்தார்.

பாசி காயும்போது, இது கால்களை உள்ளிழுத்து, உடலின் நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்து, உயிர்ச்செயல்கள் நின்றுவிட்டதுபோன்ற ஓர் உறக்கத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒரு துளி நீர் பட்டதும் மீண்டும் எழுந்து நடக்கிறது. 2007-இல் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆய்வில், போட்டான்-எம்3 விண்கலத்தில் 10 நாள் விண்வெளியின் வெற்றிடத்தில் வைக்கப்பட்ட நீர்க்கரடிகளில் பல உயிரோடு திரும்பியதோடு, முட்டையும் இட்டன! புற ஊதாக் கதிர்களையும் முழுமையாகத் தாங்கியவை மிகச் சிலவே.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த நான், இதைக் கண்ட ஒரு குழந்தையும் நுண்ணோக்கியை விட்டு எளிதில் நகர்ந்து பார்த்ததில்லை. ஆனால் பல பள்ளிகளில் நுண்ணோக்கி அலமாரிக்குள் பூட்டியே கிடக்கிறது என்பது என் வருத்தம். செய்முறையைப் படத்துடன் தாங்கள் வெளியிட்டால், ஆசிரியர்கள் அவ்வலமாரியைத் திறக்க அது தூண்டுதலாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
தஞ்சாவூர்.