முள் சீத்தாவும் மஞ்சளும் கீமோவும்: மருத்துவக் குறிப்பு சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இதழ்களின் மருத்துவப் பக்க ஆசிரியர்களுக்கும், யூடியூபில் மருத்துவக் குறிப்பு சொல்லும் நண்பர்களுக்கும் வணக்கம்.

புற்றுநோய்ப் பிரிவில் கீமோ மருந்துகளைத் தயாரித்துக் கொடுக்கும் மருந்தாளுநர் நான். மருந்து ஏற்றுவதற்கு முன், "வீட்டில் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். "ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். கூட வந்த மகளோ மருமகனோ கொஞ்சம் தயங்கிவிட்டுப் பையைத் திறப்பார்கள். முள் சீத்தா இலைப்பொடி, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் மாத்திரை, கிரீன் டீ சாற்றை அடைத்த கேப்ஸ்யூல் என்று ஏதாவது இருக்கும். யார் சொன்னது என்று கேட்டால் உங்களைத்தான் சொல்கிறார்கள். டாக்டருக்குத் தெரியுமா என்றால், "திட்டுவாருன்னு சொல்லல சார்" என்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

"கீமோவைவிட 10,000 மடங்கு சக்தி முள் சீத்தாவுக்கு" என்ற வரி உங்களில் பலர் சொன்னது. அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முள் சீத்தா விதையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த ஒரு வகைப் பெருங்குடல் புற்றுச் செல்லின் மேல் விட்டுப் பார்த்தார்கள். அந்தச் செல்லில் அது அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியது. அவ்வளவுதான். அதில் பழமும் இல்லை, இலையும் இல்லை, நோயாளியும் இல்லை. அதே பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிடும், கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில், பார்க்கின்சன் என்ற நடுக்குவாதம் போன்ற, ஆனால் பார்க்கின்சன் மருந்துக்குச் சரியாக அடங்காத ஒரு நரம்பு நோய் மிகுதியாக இருப்பதை 1999இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. இந்தச் செடியிலுள்ள அனோனாசின் என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்களுக்கு நஞ்சு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. பத்தாயிரம் மடங்கைச் சொன்ன ஒரு காணொளியிலாவது இதைச் சொல்லக் கேட்டதில்லை.

செடிகளிலிருந்து புற்றுநோய் மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. என் கையால் தினமும் எடுத்துக் கொடுப்பதில் பாதி செடி தந்ததுதான். நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்துகள் வந்தன. சர்க்கரை நோய்க்குக் குடித்த இலைக் கஷாயம் என்று ஜமைக்காவிலிருந்து வந்த செடியைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் 1958இல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. இன்று குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இல்லாமல் முடியாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டினை வளர்ந்தவருக்கும் ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. அளவு தப்பினால் நரம்பு போய்விடும். இந்த மருந்துகள் வேலை செய்வது, நீங்கள் மூலிகைகளின் சிறப்பாகச் சொல்லும் ஆன்டி-ஆக்சிடன்ட் தன்மையால் அல்ல. பிரிந்து பெருகும் செல்லை நடுவிலேயே நிறுத்திக் கொல்லும் நஞ்சுகள் இவை. பசிபிக் யூ மரப்பட்டை தந்த பாக்லிடாக்ஸலும் அப்படித்தான். செடிக்குச் சேரவேண்டிய பெருமை இது. மூலிகை மாத்திரை பாட்டிலில் எழுதும் "ஆன்டி-ஆக்சிடன்ட் நிறைந்தது" என்ற வாசகத்தில் அது இல்லை.

அந்த வாசகத்தால் சிகிச்சையின் நடுவில் நடப்பதுதான் எனக்குக் கவலை. கதிர்வீச்சு, புற்றுச் செல்லுக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, அக்கம்பக்கத்தைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை உண்டாக்கித்தான் பெரும்பாலும் அதன் டி.என்.ஏ.வை உடைக்கிறது. சில கீமோ மருந்துகளும் ஓரளவு அதே வழியில் போகின்றன. ஃப்ரீ ராடிக்கலை அணைப்பதுதான் ஆன்டி-ஆக்சிடன்டின் வேலை. அது நல்ல செல்லை மட்டும் காப்பாற்றிவிட்டுப் புற்றுச் செல்லை விட்டுவிடும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 540 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ, தொடக்கத்தில் பீட்டா கரோட்டினும் சேர்த்து. மறு பாதிக்கு வெற்று மாத்திரை. வைட்டமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்புண் போன்ற தொல்லைகள் குறைந்தன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அவர்களிடம் நோய் திரும்பி வருவதும் கூடுதலாகத் தெரிந்தது. தொடர்ந்து கவனித்தபோது இறப்பும் அந்தப் பக்கமே அதிகம். வாய்ப் புற்றுநோய் இவ்வளவு இருக்கும் நம் நாட்டில் இந்த ஒரு சோதனையையாவது நீங்கள் பேசியிருக்க வேண்டும்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்தது இன்னும் பெரிய சோதனை. கேரட்டும் கீரையும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதால், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகத் தந்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட் சாப்பிடுவதும் அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து மாத்திரையாக விழுங்குவதும் உடம்புக்கு ஒன்றல்ல.

கிரீன் டீ பற்றி, மருந்தாளுநன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் கொடுக்கிறோம். அந்த மருந்தில் போரான் இருக்கிறது. கிரீன் டீயின் பெயர்பெற்ற ஆன்டி-ஆக்சிடன்டான இ.ஜி.சி.ஜி. நேராகப் போய் அந்தப் போரானோடு ஒட்டிக்கொண்டு மருந்தைச் செயலிழக்கச் செய்வதை, செல்களிலும் எலிகளிலும் 2009இல் கண்டார்கள். கிரீன் டீ கேப்ஸ்யூலை விழுங்கிவிட்டு வரும் மைலோமா நோயாளியிடம் நான் என்ன சொல்வது?

மஞ்சளைப் பற்றிப் பேசினால் கோபம் வரும் என்று தெரியும். குழம்பில் போடும் மஞ்சளுக்கு நான் எதிரி இல்லை. குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவதே அரிது. டெக்சாஸில் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் கொடுத்தும் ரத்தத்தில் மிகச் சொற்பமே தெரிந்தது. கணக்கில் எடுக்க முடிந்த 21 பேரில் ஒருவருக்கு நோய் நீண்ட காலம் வளராமல் நின்றது. இன்னொருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கிச் சீக்கிரமே மீண்டும் வளர்ந்தது. ஆராயத் தகுந்த பொருள்தான், சந்தேகமில்லை. மருந்து என்று விற்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை. நன்றாக ஏறுவதற்காக மிளகுச் சாற்றைச் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் செய்திகள் வருகின்றன. கல்லீரல் கெட்டால் கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். தள்ளிப்போடும் வாரங்களில் கட்டி காத்திருப்பதில்லை.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கில், பரவாத நிலையிலிருந்தும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். அவர்களில் பலர் சிகிச்சையால் குணமாகியிருக்கக்கூடிய அம்மாக்கள்.

செடிகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை பேசும்போது அந்த ஆய்வு கண்ணாடித் தட்டிலா, எலியிலா, மனிதரிலா நடந்தது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள். உணவாகச் சாப்பிடுவதையும் சாறாக்கி மாத்திரையில் அடைத்ததையும் ஒன்றாக்காதீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை, மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954ஆம் ஆண்டு இந்தியச் சட்டமே (Drugs and Magic Remedies Act) தடுக்கிறது. காணொளிக்குக் கீழே "வாங்க இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று போடும் முன் அதைப் படியுங்கள். சிகிச்சையில் இருப்பவர்கள் எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். எங்களைவிட உங்களைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

முள் சீத்தா காணொளிகள் பல லட்சம் பார்வைகளோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் அவற்றை நீக்குங்கள். நீக்க மனமில்லையென்றால், பத்தாயிரம் மடங்கு என்பது தட்டில் வளர்ந்த செல்லின் கணக்கு என்று தலைப்பிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு மருந்தாளுநர்