பழகின கைக்கும் பயிற்சி வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துகள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, இளவட்டங்களின் வேகம், ஹெல்மெட் போடாதது, குடித்துவிட்டு ஓட்டுவது என மூன்றையும் நன்றாகவே அலசியிருந்தது. அதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சேந்தமங்கலத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். பால் சொசைட்டிக்குப் போகிறவர், கோழிப்பண்ணை சூப்பர்வைசர், கொல்லிமலைப் பள்ளிக்குத் தினமும் ஏறி இறங்கும் வாத்தியார். நிதானமாக ஓட்டுகிற மனிதர்கள். அவர்களும் விழுகிறார்கள்.

ஒருவர் வண்டியை எப்படி ஓட்டுகிறார் என்று அவரிடம் கேட்க வேண்டியதே இல்லை. சக்கரத்தைக் கழற்றினால் தெரிந்துவிடும். சக்கரத்தின் நடுவே இருக்கும் டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துவது பிரேக் ஷூ. பின் ஷூவின் மேலிருக்கும் லைனிங் முழுக்கத் தேய்ந்து, உலோகம் டிரம்மைக் கீறிக்கொண்டிருக்கும். அதே வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றினால் ஷூ ஷோரூமிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். முன் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, லீவரைப் பிடித்தால் திரும்பியே வராது. கேட்டால் "அதை நான் தொடுறதே இல்லைங்க, தூக்கி அடிச்சிடும்" என்பார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பாவோ சித்தப்பாவோ அன்று சொன்ன எச்சரிக்கை அது. இருபது வருஷமாக அதைக் காப்பாற்றி வருகிறார்கள்.

அந்த எச்சரிக்கை பாதிதான் சரி. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, மணலின் மேல், வெடுக்கென்று முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவது நிச்சயம். ஆனால் நேர் சாலையில் அவசரமாக நிற்க வேண்டிய நேரத்தில் பின் பிரேக்கை மட்டும் மிதிப்பது அதைவிட ஆபத்து. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின் டயர் லேசாகி, சுற்றாமல் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. முன் டயர்தான் அந்த நேரத்தில் தரையை இறுக்கிப் பிடிக்கும். முதலில் மெல்லப் பிடித்து, பாரம் முன்னால் வந்ததும் விரல்களை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். எழுதிக் காட்டிவிடலாம், வாயால் சொல்லிக்கொடுத்தும் விடலாம். ஆனால் குறுக்கே ஆடு பாயும் அந்த நொடியில் மூளை யோசிக்காது. எத்தனையோ வருஷமாகப் பழகினதைக் காலும் கையும் தானாகச் செய்யும்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். சுதாரிக்கவே ஒரு நொடி போய்விடுகிறது. அதற்கப்புறம் பிடிக்கிற பிரேக்காவது சரியான பிரேக்காக இருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல ஏற்பாடு, எத்தனையோ உயிரைக் காப்பாற்றும். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று வாங்குகிறவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பல வருஷம் டிரம் பிரேக் வண்டி ஓட்டிவிட்டு ஏபிஎஸ் வண்டிக்கு மாறிய ஒரு பெரியவர், "பிரேக் புடிச்சா கையில உதறுதுப்பா, என்னன்னு பாரு" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஏபிஎஸ் வேலை செய்தால் லீவர் அப்படித்தான் துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண்டு பயந்து ஒவ்வொரு முறையும் அவர் லீவரை விட்டிருக்கிறார். விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டால் ஏபிஎஸ் இருந்து என்ன பயன்?

அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் முறையான பயிற்சி இல்லாமல், தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். தப்பிக்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் சராசரியாக இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்த தவறு என்ன என்று பார்த்தால், பின் சக்கரத்தைப் பூட்டி வழுக்கவிட்டதும் முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காததும்தான். எங்கோ லாஸ் ஏஞ்சலஸில் எழுதிய அறிக்கை, இங்கே நான் கழற்றிப் போடும் ஷூக்களைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

பிரேக்கோடு முடிவதில்லை. காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் ஏறி இறங்குகிறவர்கள்கூட இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்து, பெட்ரோல் மிச்சம் என்று உருட்டிக்கொண்டு வருகிறார்கள். எஞ்சின் இழுத்துப் பிடிக்க வேண்டிய பாரத்தை எல்லாம் சின்ன டிரம் பிரேக் சுமக்கிறது. சூடேறினதும் அது பிடிக்காது. அடுத்தது பார்வை. கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். வளைவில் பயந்து தடுப்புச் சுவரையே பார்த்துக்கொண்டு போனால் அதில்தான் கொண்டுபோய் முட்டுவோம். வளைவு முடிகிற இடத்தைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிப் பழக வேண்டும். இதையும் பழக்கித்தான் வரவைக்க முடியும்.

இதையெல்லாம் பழக்குகிற அரை நாள் பயிற்சி ஒன்று நடந்தபோது, வண்டிகளைச் சரிபார்த்துக் கொடுக்க நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். முதல் சுற்றில் அனுபவஸ்தர்கள் பலர் பின் டயரைக் கோடு போடவிட்டு, வண்டி பக்கவாட்டில் திரும்ப, வெகு தூரம் தள்ளிப் போய் நின்றார்கள். பயிற்றுநர் ஒவ்வொருவரின் வலது கையையும் லீவரோடு சேர்த்துப் பிடித்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டினார். மதியத்துக்குள் அதே ஆட்கள், அதே வண்டியில், வழுக்காமல், கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்களில் ஒரு தலைமையாசிரியர், "இத்தனை வருஷம் இதை யாருமே சொல்லலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லித் தரும் ஏற்பாடே இல்லை என்பதுதான் உண்மை.

ஆர்டிஓ ஆபீசில் காலைக் கீழே ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். மெதுவாக ஓட்டும்போது வண்டி கைக்கு அடங்குகிறதா என்பதை எட்டு காட்டும். அவசர பிரேக்கைப் பற்றி எதுவும் காட்டாது. இப்போதைய சட்டப்படி 30 வயதுக்குள் லைசென்ஸ் எடுத்தவருக்கு அது 40 வயது வரை செல்லும். பிறகு காலத்தோடு புதுப்பித்தால் டாக்டர் சான்றிதழ் போதும், யாரும் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை. அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு எத்தனை வருஷ சர்வீஸ் இருந்தாலும் புத்தாக்கப் பயிற்சி உண்டு. அவர் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிப் போகும் பைக்காரருக்கு மட்டும் ஏன் அது கிடையாது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு கண்ணெதிரே இருக்கிறது. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். விழுந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021-ல் நம் அரசு கொண்டுவந்தது. எங்கள் பகுதியில் அதனால் பிழைத்தவர்களை எனக்கே தெரியும். அதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை, விழாமல் இருக்கச் சொல்லித் தருவதற்கும் ஒதுக்கலாம் என்றே கேட்கிறேன்.

பிரிட்டனில் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்களுக்கென்றே 'என்ஹான்ஸ்டு ரைடர் ஸ்கீம்' என்று அரசுத் திட்டம் இருக்கிறது. பயிற்றுநர் உங்கள் ஓட்டத்தைப் பார்த்து, குறை எதுவோ அதை மட்டும் திருத்துவார். முடிவில் தேர்வு கிடையாது, பாஸ் பெயில் கிடையாது. நம் ஊருக்கும் இதுதான் பொருந்தும். தேர்வு என்றால் ஐம்பது வயதுக்காரர் வரமாட்டார், அல்லது புரோக்கரைப் பிடிப்பார். இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் பந்தயத் தளங்களில் நடக்கும் வகுப்புகள் தரமானவைதான். ஆனால் பால் கேனோடு போகிறவர் அங்கே போக முடியாது, அவருக்குப் பந்தய வளைவும் தேவையில்லை. அவரவர் வண்டியில், அவரவர் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சொல்லித் தர வேண்டும்.

லைசென்ஸ் புதுப்பிக்க வருகிறவர்களுக்கு அரை நாள் பயிற்சி, வந்தவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை என்று போக்குவரத்துத் துறை ஒரு மாவட்டத்திலாவது தொடங்கிப் பார்க்கட்டும். நாமக்கல் மாவட்டத்தில் தொடங்கினால், வகுப்புக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியின் முன் பிரேக்கையும் கூலி வாங்காமல் சரிசெய்து தர நானும் எங்கள் பகுதி மெக்கானிக்குகள் சிலரும் தயாராக இருக்கிறோம். கேபிள் மாற்ற வேண்டியிருந்தால் அதன் விலையை மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.