பதவியிலிருந்து விடுவிக்கக் கேட்கும் தலைவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சில் கிரனோபிள் நகருக்கு வடக்கே மலைகளுக்கு நடுவில் அமைந்துள்ள கிராந்த் சார்த்ரூஸ் மடத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தனிமையிலும் மௌனத்திலும் வாழும் கத்தோலிக்கத் துறவற சபையினரான கர்த்தூசியத் துறவிகளின் மௌனத்தைச் சுவைபட விவரித்த கட்டுரையாளர், அச்சபையின் பொதுத்தலைவரைப் பற்றி மட்டும் பல நாட்டு மடங்களை ஆளும் அதிகாரம் படைத்தவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி பிழையன்று; ஆயினும் அப்பதவியின் இயல்பை அது தலைகீழாகக் காட்டுகிறது.

கிராந்த் சார்த்ரூஸ் துறவிகள் தங்கள் மடத்துக்குத் தேர்ந்தெடுக்கும் தலைவரே சபை முழுவதற்கும் தலைவராகிறார். மற்றவர்களைப் போலவே அவரும் புலால் தவிர்த்து, நள்ளிரவில் எழுந்து, கோயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திருப்பாடல்களைப் பாடுகிறார். தனிமையை நாடி வந்தவருக்குக் கடிதங்களும், கதவைத் தட்டுவோரும், மடத்தின் அன்றாடக் கவலைகளும் கூடுதலாக வந்து சேர்கின்றன என்பதுதான் வேறுபாடு.

பிற சபைத் தலைவர்கள் நாடு நாடாகச் சென்று மடங்களைப் பார்வையிடுவதுண்டு. இவரோ மடத்தைச் சுற்றி வரையறுக்கப்பட்ட எல்லையைத் தாண்டுவதில்லை என்பது நெடுநாள் மரபு. ஏனைய மடங்களுக்கு, மடத்தலைவர்கள் கூடும் பொதுப்பேரவை நியமிக்கும் பார்வையாளர்களே செல்கிறார்கள். 1084இல் ஆறு தோழர்களுடன் இங்கு வந்து குடியேறி இச்சபையைத் தோற்றுவித்த புனித புரூனோவை, அவருடைய பழைய மாணவரான திருத்தந்தை (போப்) இரண்டாம் உர்பான் 1090இல் ரோமுக்கு அழைத்துக்கொண்டார் என்பதையும், 1101இல் தென் இத்தாலியின் கலாபிரியாவில் இறக்கும் வரை அவர் இம்மலைக்குத் திரும்பவே இல்லை என்பதையும் நினைக்கும்போது, இந்த மரபின் அருமை எனக்குக் கூடுதலாகவே தெரிகிறது. (1903இல் பிரெஞ்சு அரசு துறவிகளை வெளியேற்றியபோது எல்லையைக் கடக்கத்தான் நேர்ந்தது, மீண்டும் திரும்ப 1940 ஆயிற்று.)

கட்டுரையாளர் தவறவிட்ட முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பொதுப்பேரவையில், ஒவ்வொரு மடத்தலைவரும் தமக்கு இரக்கம் காட்டிப் பதவியிலிருந்து விடுவிக்கும்படி முறையாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுத்தலைவரும் இதற்கு விலக்கல்லர். விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை அவர் முடிவு செய்வதில்லை. பேரவையே முடிவு செய்கிறது. பெரும்பாலும் பணியைத் தொடருமாறுதான் விடை வருகிறது என்றாலும், இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. விடுதலை பெற்றுத் தம் அறைக்குத் திரும்பிச் சாதாரணத் துறவியாக வாழ்ந்த தலைவர்களும் உண்டு.

2014இல் பொதுத்தலைவரான திமாஸ் தெ லாசுஸ், கீழ்ப்படிதல் என்ற பெயரில் மேலாளர்கள் துறவியரின் மனச்சான்றை அடக்கியாளும் கொடுமையைப் பற்றி 2020இல் ஒரு நூலே வெளியிட்டார். மௌன சபையின் தலைவர் வாய்திறந்து பேசத் தேர்ந்துகொண்ட பொருள் தலைமையின் ஆபத்துதான் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். தொடரின் அடுத்த பகுதியிலாவது இதற்கு இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்