உன் பிஸ்கட் டப்பாவைத் திற

கீழக்கரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

அம்மாவின் காரியத்துக்கு வர முடியாமல் போனதிலிருந்து உனக்கு எழுதக் கை வரவில்லை. போனில் பேசியும் அந்த உறுத்தல் தீரவில்லை. மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். சோடாபுட்டி தாத்தா ஆகிவிட்டான்; இன்னும் அதே சட்டைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் துபாயில் ஒரு கடையிலிருந்து கல்லாகிப்போன பழங்காலப் பல் ஒன்று வாங்கி வந்தார். மொராக்கோவில் கிடைத்த, ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் பல் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். சுண்டுவிரல் நீளம், கருப்பட்டி நிறம். மூன்று நாளாக எனக்குத் தூக்கமே இல்லை.

அடிப்பாகத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. மகளின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். மண்ணும் பசையுமாகக் கரைந்து வந்தது. வேர் இருப்பதுபோல ஒட்டி வைத்திருக்கிறார்கள், பாவிகள்! உள்ளே பேனா மூடி மாதிரி குழி. முதலைப் பல்லோ என்று தோன்றியது. முதலைக்கு ஆயுள் முழுக்கப் பல் முளைக்கும். அடியில் வளரும் புதுப்பல் பழையதன் வேரைக் கரைத்து வெளியே தள்ளிவிடும். ஆனால் டைனோசரும் அப்படித்தான் பல் மாற்றியது, அதனால் குழியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நகத்தில் தட்டுகிற மெல்லிய வரம்பு. ஸ்பைனோசாரஸ் பல் பின்பக்கமாக வளையும். வரம்புகள் அந்த வளைவின் முன்னும் பின்னும் ஓடும். இதிலோ வரம்புகள் வளைவுக்கு இடமும் வலமுமாக நிற்கின்றன. அதாவது பல் நாக்குப் பக்கமாக வளைந்திருக்கிறது. முதலைக் கூட்டம்தான், மாப்ளே!

எந்த முதலை? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மொராக்கோவின் கெம் கெம் பாறையில் கிடைத்தது என்றால், சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் அந்த ஆறுகளில் இருந்த எலோசூகஸாக இருக்கலாம். அதே நாட்டின் கூரிப்கா பாஸ்பேட் சுரங்கம் என்றால் டைரோசாரஸ் வகை முதலை. அது பல கோடி ஆண்டு பிந்தியது. இரண்டும் நீள்மூக்கு, இரண்டுக்கும் கூம்புப் பல். எடுத்தவன் இடத்தைக் குறித்து வைக்கவில்லை. பாதி வரலாறு அங்கேயே போய்விட்டது. எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது.

பல்லின் வடிவம் என்ன தின்றது என்பதைச் சொல்லும், யாருக்குச் சொந்தம் என்பதில் ஏமாற்றிவிடும். ரெவல்டோசாரஸ் கதை தெரியுமா? 1989-இல் பற்களை மட்டும் பார்த்து, செடி தின்னும் டைனோசர் என்று பெயர் வைத்தார்கள். 2005-இல் அரிசோனாவில் கிடைத்த எலும்புக்கூட்டைப் பார்த்தால், அது முதலை வழியின் சொந்தம்! தாடையோடு ஒன்று கிடைக்கும்வரை தனிப் பல்லுக்கு வைக்கிற பெயரெல்லாம் தற்காலிகம்தான்.

உன் ஊர்ப் பக்கத்துக் கல்லமேட்டிலேயே பார், அங்கே இருப்பது டைனோசர் காலப் பாறை. மடகாஸ்கரில் சிமோசூகஸ் என்றொரு மொட்டை மூஞ்சி முதலை, கிராம்பு மாதிரி பல், செடி தின்றிருக்கும் என்கிறார்கள். அதன் மண்டையோடு கிடைத்து 2000-இல் விவரம் வெளியானது. அது கையில் இருந்ததால்தான் 2013-இல் கல்லமேட்டுப் பல் ஒன்றைப் பார்த்து, இதுவும் அந்தச் சாயல் என்று சொல்ல முடிந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக் கிடந்த காலத்துச் சொந்தம்! இங்கே என் காலடியில் வெறும் பவளப் பாறையும் மணலும்தான், நேற்றுப் பிறந்த மண். உன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். ஓடையில் கல்லாகிப்போன துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருக்கிறாயே, அதை இன்றைக்கே திற. எது எந்த ஓடை, எந்தக் கரை, எவ்வளவு ஆழம் என்று ஞாபகம் இருப்பதையெல்லாம் துண்டுத்தாளில் எழுதி, ஒவ்வொன்றோடும் சுற்றி வை. ஞாபகம் இல்லாததற்குத் 'தெரியாது' என்று எழுது, ஊகிக்காதே. கழுவாதே, ஒட்டாதே, புதிதாக எதையும் தோண்டாதே. நமக்கும் அறுபது தாண்டிவிட்டது. நீ மறந்துவிட்டால் அந்த டப்பாவும் என் கையில் இருக்கிற பல் மாதிரிதான்.

தை பிறந்ததும் வருகிறேன். அம்மா படத்துக்கு ஒரு மாலை போட வேண்டும். தங்கச்சிக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவருகிறேன், நீ பங்கு கேட்காதே. அரியலூரிலிருந்து கல்லமேட்டுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று மட்டும் விசாரித்து வை.

உன்
மாப்ளே