தேஜோனிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

"கொரியாவில் அப்படிக் குடிக்கிறார்களாமே, ஏன்?" என்று கேட்டிருந்தாய். இங்கே குடியில் ருசியைவிட வயதுக்கும் பதவிக்கும்தான் பங்கு அதிகம். வேலை முடிந்து குழுவாகச் சாப்பிடப் போவதை 'ஹ்வேஷிக்' என்கிறார்கள். அங்கே தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ளும் வழக்கமில்லை. பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் குடிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அந்த மனிதரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

எங்கள் குழுத் தலைவருக்கு ஐம்பத்தாறு வயது. சோஜு என்ற கொரிய மது அரைக் கோப்பை போனாலே கழுத்துவரை சிவந்துவிடும். கொரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படித்தான். மது உடலில் உண்டாக்கும் நஞ்சை முறிக்கும் நொதி பிறவியிலேயே குறைவு. இவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாயில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுதல். "வேலைக்குச் சேர்ந்தபோது நான்தான் கடைக்குட்டி, எப்படி மறுப்பேன்?" என்றார். இருபது வருடம் அப்படியே குடித்திருக்கிறார். அதைக் கேட்ட இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

2018இல் வார வேலைநேரத்துக்கு 52 மணி என்று உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். அப்புறம் கொரோனா. நள்ளிரவு வரை கடை மாறிக் கடை போகும் ஹ்வேஷிக் ரொம்பவே குறைந்துவிட்டது. ஆனால் பெண்கள் பக்கம் வேறு கதை. 1973இல் 25 சதவீதமாக இருந்த சோஜுவின் வீரியம் இப்போது 16 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது, பழச்சுவையிலும் கிடைக்கிறது. அம்மாக்கள் தலைமுறையைவிட இளம்பெண்கள் அதிகம் குடிக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை 'ஹோன்சுல்', அதாவது தனியாகக் குடிப்பது. இங்கே மூன்றில் ஒரு வீட்டுக்கு மேல் தனியாள் வீடுதான். எதிரே ஆள் இருந்தால் வற்புறுத்துவார், சரி. போதும் என்று பாட்டிலை எடுத்து வைக்கவும் அவர்தானே இருக்கிறார்?

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் தனக்குக் குடி ஒத்துக்கொள்ளாது என்றாள். மேசையில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை. தலைவர் ஒரு சைடர் வரவழைத்தார் (இங்கே சைடர் என்றால் நம் ஊர் சோடா கலர் மாதிரிதான்), சோஜு கோப்பையிலேயே ஊற்றினார். அவள் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தாள்.

அன்புடன்,
ரகு