போட்டியாளர்கள் எல்லோரையும் வாங்கிப்போடும் நிதி மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிதி மேலாளர்களுக்கு,

வணக்கம். தொழில்நுட்பப் பங்குகளில் மட்டும் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றில் மாதாமாதம் பணம் போட்டுவரும் சாதாரண யூனிட்தாரர் நான். எந்த ஃபண்ட் என்று சொல்லப் போவதில்லை. கடைசிக் காலாண்டு அறிக்கையில் என்னை உறுத்திய ஒரு வரியை, வேறு இரண்டு ஃபண்டுகளின் அறிக்கையிலும் கிட்டத்தட்ட அதே சொற்களில் படித்தேன் என்பதுதான் காரணம். ஸ்மார்ட்ஃபோன் சந்தையில் போட்டி கடுமையாகிறதாம். அதனால் முன்னணியில் இருக்கும் ஆப்பிளின் பங்குகளைக் கொஞ்சம் விற்று, அதன் போட்டியாளர்களை வாங்கி, அபாயத்தைப் பரவலாக்கியிருக்கிறீர்களாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இவர் தோற்றால் அவர் ஜெயிப்பார், இரண்டு பேரும் நம் பையில் இருந்தால் நமக்கென்ன நஷ்டம்? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

போட்டியில் லாபம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறீர்கள். ஃபோன் வியாபாரத்தில் பல நேரம் அது இரண்டு கையையும் விட்டு நழுவிப் போய்விடுகிறது. ஒருவர் விலையைக் குறைத்தால் அடுத்தவரும் குறைக்கிறார். ஒருவர் நல்ல கேமரா வைத்தால், அடுத்தவர் அதைவிட நல்லதை அதே விலைக்கு வைக்கிறார். லாபம் அடைவது ஃபோன் வாங்குகிறவரும், சிப்பும் திரையும் செய்து கொடுப்பவரும், காப்புரிமைக்கு ராயல்டி வாங்குகிறவரும்தான். எல்ஜியின் ஃபோன் பிரிவு 2015 முதல் தொடர்ந்து 23 காலாண்டுகள் நஷ்டம் காட்டியது. மொத்தம் ஏறக்குறைய 450 கோடி டாலர். அந்த ஃபோன்கள் ஒன்றும் மட்டமானவை இல்லை. 2021 ஜனவரியில், ஃபோன் தொழிலைவிட்டே வெளியேறலாமா என்று நிறுவனம் யோசிப்பது தெரிந்ததும் அதன் பங்கு விலை துள்ளி ஏறியது. கடையை மூடுவதாகச் சொன்னால் கை தட்டுகிற சந்தை இது!

விற்பனை எண்ணிக்கையை வைத்து போட்டியாளரைத் தேர்ந்தெடுப்பது அடுத்த கோளாறு. ஒரே ஒரு காலாண்டைப் பாருங்கள். 2021-இன் இரண்டாம் காலாண்டில் ஷாவ்மி, ஆப்பிளை முந்தி உலகில் முதல்முறையாக இரண்டாம் இடத்துக்கு வந்தது. செய்தியெல்லாம் அதுதான். அதே காலாண்டில் உலகில் விற்ற ஃபோன்களில் ஆப்பிளின் பங்கு 13% மட்டுமே. ஆனால் மொத்த ஃபோன் தொழிலின் இயக்க லாபத்தில் 75% அதற்கே போனது என்று கவுண்டர்பாயிண்ட் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. மிச்சமிருந்த கால் பங்கு லாபத்துக்குத்தான் மற்ற எல்லோரும் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் 75-ஐ விற்று 25-க்குள் நுழைந்திருக்கிறீர்கள்.

ஷாவ்மியைக் குறை சொல்ல முடியாது. 2018-இல் பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன்பே, வன்பொருளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டோம் என்று வெளிப்படையாக வாக்குக் கொடுத்த நிறுவனம் அது. வாங்குகிறவருக்கு எவ்வளவு நல்ல சேதி! பங்குதாரருக்கு? ஹாங்காங் சந்தையில் 17 ஹாங்காங் டாலருக்கு வெளியான பங்கு, ஒரு வருடம் சற்றுக் கடப்பதற்குள் பாதி விலைக்கும் கீழே போனது. பிற்பாடு ஏறியதும் உண்மைதான். ஆனால் 2024-இல் தொடங்கிய பெரிய ஏற்றத்துக்கு அந்த நிறுவனம் கார் செய்யத் தொடங்கியது முக்கியக் காரணம். அப்படியென்றால் அதில் பணம் போடும்போது நீங்கள் எடுப்பது ஃபோன் பந்தயமா, கார் பந்தயமா? அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதே கேள்வியை சாம்சங்குக்கும் கேட்கலாம். ஆப்பிளுக்கு மாற்று என்று நீங்கள் முதலில் கைகாட்டுவது அதைத்தான். 2016-இல் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்த கதை நினைவிருக்கும். உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த அக்டோபர் நாளில் சாம்சங் பங்கு ஒரே நாளில் 8% விழுந்தது. ஃபோன் வரலாற்றிலேயே பெரிய சறுக்கல்களில் ஒன்று. ஆனால் சில மாதங்களில் அதே பங்கு புது உச்சத்தைத் தொட்டது, நினைவகச் சிப் வியாபாரம் கொழித்ததால். போதாததற்கு 2017-இல் வந்த ஐஃபோன் 10-க்கு ஓலெட் திரை செய்து கொடுத்ததும் சாம்சங் குழுமம்தான். ஐஃபோன் நன்றாக விற்றால் சாம்சங்குக்கும் காசு, விற்காவிட்டால் சாம்சங்குக்கும் இடி. ஆப்பிளுக்குக் காப்பாக அதன் திரை வியாபாரியை வாங்கி வைத்தால் அது என்ன காப்பு? ஐஃபோனில் இருக்கும் கேமரா சென்சார் சோனியுடையது. சோனியும் தன் பெயரில் ஃபோன் விற்கிறது. கூகுளும் பிக்ஸல் விற்கிறது. ஆனால் ஆப்பிள் உலாவியில் தன் தேடுபொறி முதலாவதாக இருக்க 2022-இல் மட்டும் சுமார் 2,000 கோடி டாலர் ஆப்பிளுக்குக் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. போட்டியாளர்கள் என்று நாம் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. உண்மையிலேயே கழுத்துக்கு வந்த போட்டியாளர்கள் பலரின் பங்குகள் பங்குச் சந்தையில் விற்பனைக்கே இல்லை. ஹுவாவே பட்டியலிடப்பட்ட நிறுவனம் இல்லை. ஓப்போ, விவோவும் இல்லை. 2020-இன் இரண்டாம் காலாண்டில் உலகிலேயே அதிக ஃபோன் அனுப்பிய நிறுவனம் ஹுவாவே என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் சொன்னது. அன்று உங்களிடம் எத்தனை போட்டியாளர்கள் இருந்தாலும், ஜெயித்தவர் உங்கள் பையில் இல்லை. அவரிடம் தோற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். வாங்கக் கிடைப்பதை மட்டும் வாங்கிவிட்டு எல்லாப் பக்கமும் அடைத்தாயிற்று என்று சொல்வது, திறந்த வாசலை விட்டுவிட்டு ஜன்னலுக்குத் தாழ் போட்ட கதை.

சரி, நீங்கள் பதில் சொல்வீர்கள், தெரியும். 2011-இல் ஆப்பிள், நோக்கியா, பிளாக்பெர்ரி, எச்டிசி, மோட்டோரோலா என்று எல்லாவற்றையும் சம அளவில் வாங்கிய ஒருவர் இன்று லாபத்தில்தானே இருப்பார் என்பீர்கள். இருப்பார். ஆப்பிள் ஒன்றே விழுந்தவற்றின் பள்ளத்தையெல்லாம் மூடிவிட்டு மேலேயும் கொடுத்திருக்கும். மோட்டோரோலாகூட அன்று வைத்திருந்தவரைக் கைவிடவில்லை: சந்தை விலையைவிட 63% கூட்டிக் கொடுத்து, 1,250 கோடி டாலருக்கு கூகுள் வாங்கிக்கொண்டது. (காப்புரிமைகளில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு மற்றதை 2014-இல் லெனோவாவுக்கு 291 கோடிக்கு விற்க ஒப்புக்கொண்டது. அந்தச் செலவு கூகுளின் பங்குதாரர் தலையில்.)

ஆனால் அந்த முதலீட்டாளர் வாங்கியதைத் தொடாமல் இருந்திருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். நீங்கள் தொடாமல் இருப்பதில்லையே! ஏறியதன் எடை கூடிவிட்டது என்று அதை வெட்டி, இறங்கியதில் ஊற்றுகிறீர்கள். சமநிலைப்படுத்துதல் என்று அதற்குப் பெயர். பங்கும் கடன்பத்திரமுமாக வைத்திருக்கும் தொகுப்பில் அது நல்ல பழக்கம். இறங்கியது ஒருநாள் மீளும் என்ற நம்பிக்கைக்கு அங்கே அடிப்படை இருக்கிறது. ஃபோன் தொழிலில் இறங்கியவர் எத்தனை பேர் மீண்டார்கள்? எச்டிசி 2011 ஏப்ரலில் சந்தை மதிப்பில் நோக்கியாவையே தாண்டியது. 2015-இல் அதன் மொத்தச் சந்தை மதிப்பு கையிருப்புப் பணத்தைவிடக் குறைந்துபோனது. பிளாக்பெர்ரி 2016-இல் சொந்தமாக ஃபோன் தயாரிப்பதை நிறுத்தியது. நோக்கியாவின் ஃபோன் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2015-இல் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது. இப்படிப்பட்ட ஓட்டப்பந்தயத்தில் ஒவ்வொரு காலாண்டும் முன்னால் ஓடுகிறவரிடமிருந்து பிடுங்கிப் பின்தங்கியவருக்குக் கொடுத்தால், கடைசியில் கையில் மிஞ்சுவது யார் என்று நினைக்கிறீர்கள்?

இதை நான் மேலே நின்று சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு ஃபோன் கம்பெனியின் பங்கை, அந்த ஃபோன் கையில் பிடிக்கச் சுகமாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். விழுந்தது. ஆவரேஜ் பண்ணுகிறேன், அதாவது வாங்கிய சராசரி விலையை இறக்குகிறேன் என்று மேலும் வாங்கினேன். இன்னும் விழுந்தது. அந்தச் சமயத்தில் நன்றாக ஏறியிருந்த வேறொரு பங்கை விற்று இதில் போட்டேன். சொந்தக் காசை வைத்து, கட்டணம் எதுவும் வாங்காமல், நீங்கள் இன்று செய்வதை அன்றே செய்து பார்த்தவன் நான்.

போட்டி கூடுகிறது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஐடிசி என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 2016-இல் 147 கோடி ஃபோன்கள் போன சந்தை, 2023-இல் 117 கோடியாகச் சுருங்கியது. ஃபோனை மாற்றாமல் மூன்று, நான்கு வருடம் ஓட்டுகிறோம் எல்லோரும். சுருங்கும் சந்தையில் சண்டை வலுக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தில் ஆப்பிளைக் குறைப்பது தப்பே இல்லை. 2016-இல் ஆப்பிளை வாங்கத் தொடங்கிய வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே, 2024-இல் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை விற்றது. ஆனால் விற்ற பணத்துக்கு அந்த ஆண்டு இன்னொரு ஃபோன் கம்பெனியை வாங்கவில்லை. ரொக்கமாகவும் அரசுக் கடன்பத்திரமாகவும் வைத்துக்கொண்டது. தொழில்மேல் சந்தேகம் வந்தால் தொழிலைவிட்டு விலக வேண்டும். அதே தெருவில் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனால் வெள்ளம் அங்கேயும் வரும்.

எனவே அடுத்த அறிக்கையில் சில விஷயங்களை எழுதுங்கள். நீங்கள் வாங்கிய ஒவ்வொரு போட்டியாளருக்கும், மொத்த லாபத்தில் ஃபோனிலிருந்து வருவது எவ்வளவு என்று சொல்லுங்கள். ஒரு ஃபோனுக்கு என்ன மிஞ்சுகிறது என்று சொல்லுங்கள். எத்தனை ஃபோன் விற்றது என்பதைச் செய்தித்தாளிலேயே படித்துக்கொள்வோம். எந்த நிலைக்குப் போனால் அந்தப் பங்கை விற்றுவிடுவீர்கள் என்பதை வாங்குகிற அன்றே எழுதிவையுங்கள். இது எதையும் சொல்ல முடியாது, எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்திருப்பதுதான் எங்கள் திட்டம் என்றால், அதையே மிகக் குறைந்த கட்டணத்தில் செய்யும் இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது. உங்கள் கட்டணம் எதற்கு என்பதையும் அந்த இடத்திலேயே விளக்கிவிடுங்கள்.

பழைய யூனிட்களை இன்னும் விற்கவில்லை. மாதத் தவணையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன், அடுத்த அறிக்கை வரும்வரை.

இப்படிக்கு,
உங்கள் யூனிட்தாரர்களில் ஒருவர்